எனக்கு ஒரு வருத்தமும் இல்லை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புற்றுநோய் இல்லை. நெஞ்சு வருத்தம் இல்லை, சிறுநீரகம் பழுதாகவில்லை, புருசன் சாப்பாடு தராமல் வைத்திருக்கவும் இல்லை. வட்டக்கச்சிச் சங்கக்கடை வாசலிலோ கிளிநொச்சிச் சந்தையிலோ யார் என்ன சொல்லியிருந்தாலும், நான் ஜேர்மனியில் சுகமாகத்தான் இருக்கிறேன். போன வருடத்தைவிடச் சுகமாக இருக்கிறேன்.

இதை ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதும் தெரியும். எங்கள் ஆட்கள் ‘ஒண்டுமில்லை’ என்று சொன்னால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்றுதான் பொருள். அந்த வழக்கத்துக்குள் நானும் அக்காவும் அகப்பட்டு முழித்ததைத்தான் எழுதப்போகிறேன். பகிடியாகத் தொடங்குகிறேன். பகிடியாக முடிக்க முடியுமோ தெரியாது.

மாசியில் அப்பாவின் திவசம் வந்தது. இங்கே திவசத்துக்கு லீவு கேட்க முடியாது. எப்போதோ செத்த அப்பாவுக்கு இன்றைக்குச் சமைக்க வேண்டும் என்பதை எந்த மொழியில் மேலாளருக்கு விளங்கப்படுத்துவது? நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். காலை முழுவதும் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு உருளைக்கிழங்கு அவித்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவுக்குக் கத்தரிக்காய் வதக்கினேன். கூரையில் புகை பிடித்தால் கத்துகிற கருவி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதற்குக் குளிக்கிற பிளாஸ்ரிக் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டுத்தான் கற்பூரம் கொளுத்துவது. அப்பா இருந்திருந்தால் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

படையல் வைத்து முடிய அக்கா வீடியோவில் வந்தாள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் காலமானபிறகு வட்டக்கச்சியில் அப்பாவின் வயலையும் வீட்டு வளவையும் தனியாகப் பார்க்கிறாள். ஒரே மகள் கலியாணம் கட்டிப் புளியங்குளத்தில். “ஆறுதலா இருக்கிறியோ? உன்னோட கொஞ்சம் கதைக்கவேணும்” என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்தாள்.

“பொறு அக்கா, முதல் படையலைப் பார்” என்றேன். என் மூத்தவள் யாழினி போனை வாங்கி வாழையிலையைக் காட்டினாள், அப்பாவின் படத்தைக் காட்டினாள், பிறகு என் பக்கம் திருப்பினாள். பஸ்ஸிலும் வேலையிலும் நின்று கதைக்கிற எனக்கு முகத்தை மட்டும் காட்டித்தான் பழக்கம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்கா என்னைச் சேலையோடு தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“சுதா, உன்ர பிளவுஸ் ஏன் இப்பிடித் தொளதொளக்குது?”

“மெலிஞ்சிட்டன் அக்கா. உடற்பயிற்சிக்குப் போறன் எண்டு சொன்னனான் எல்லே.”

“கழுத்தெலும்பு தெரியுது.”

“நல்லதுதானே?”

“ஓம்... நல்லதுதான். சரி, நீ வேலையைப் பார்.”

“ஏதோ கதைக்கவேணும் எண்டாய்?”

“ஒண்டுமில்லை. பிறகு கதைப்பம்.”

வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து பக்கத்து வளவு மாடு வேலி பாய்ந்தது வரை சொல்லி முடிக்காமல் அக்கா ஒருநாளும் போனை வைத்தவள் இல்லை. அன்றைக்குத் தானாக வைத்தாள். ஏன் என்று திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அடுப்பில் பாயாசம் இருந்தது, மகனுக்கு வீட்டுப்பாடம் இருந்தது. மறந்துவிட்டேன்.

2

நான் பயிற்சிக்கு ஆசைப்பட்டுப் போனவள் இல்லை. பயத்தில் போனவள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிப்ற் கிடையாது. போன ஐப்பசியில் ஒருநாள் அரிசிப்பையும் பால் பெட்டிகளுமாக ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடியில் மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. படியில் இருந்துவிட்டேன். மேலே, இரவு வேலை செய்துவிட்டு வந்த இவர், என் புருசன், நித்திரை. மகன் ஆரணைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் இங்கேயே கிடந்தால் பிள்ளையை யார் கூட்டிவருவது? வாசலில் நின்று அழுவானே? யாழினிக்குப் போன் எடுத்தால் பார்ப்பாளா? இவரை யார் எழுப்புவது? அந்தப் படியில் இருந்தபடி என் செத்தவீட்டையே நடத்தி முடித்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மாடிப்படியே பேயாகிவிட்டது.

வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனி வருத்தம் இன்னும் உள்ளே வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார். எங்கள் அப்பாவுக்கு அது உள்ளே வந்து, கடைசியில் சிறுநீரகத்தைத்தான் கொண்டுபோனது. அதைச் சொன்னேன். அவர் ஒரு தாளை நீட்டினார். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மாருக்கான கூட்டுப் பயிற்சி, சனிக்கிழமை காலைகளில், பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூட மண்டபத்தில்.

“சுவர் இருந்தால்தானே சித்திரம் வரையலாம், போ” என்று இவர் படுத்தபடியே சொன்னார். அவருடைய சுவர் வருடா வருடம் முன்பக்கமாக வளர்கிறது. அதை நான் சொல்லவில்லை.

பயிற்சிக் காசைத் தரும்படி காப்புறுதிக்காரருக்கு எழுதினேன். வைத்தியரின் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரை வாங்கி அனுப்பினால், பழைய படிவம் என்று புதுப் படிவம் வந்தது. ஊரில் ஒரு கிராம விதானையாரிடம் இத்தனை தடவை அலைந்திருந்தால் அவர் வெட்கப்பட்டுத் தேத்தண்ணியாவது தந்திருப்பார்.

முதல்நாள் பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டு போனேன். “அம்மா, பிளீஸ், உதோட போகாதேங்கோ” என்று யாழினி கதவு மறைவில் நின்று சொன்னாள். அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவள் தமிழில் சொல்கிற வசனங்களில் பாதி ‘போகாதேங்கோ, கதைக்காதேங்கோ’ என்றுதான் முடிகிறது.

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். பயிற்சி தருகிறவள் கெர்ஸ்ரின். கிழமை நாட்களில் தபால் கந்தோரில் வேலை செய்பவள். என் பக்கத்துப் பாயில் உவே என்ற பஸ் சாரதி. மூன்று பிள்ளைகளின் தகப்பன், நல்ல தடித்த மனிதர். எல்லாரும் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினார்கள். ஊரில் ஒரு பெண் நாலு ஆண்களுக்கு நடுவில் இப்படிக் கிடந்து காலாட்டினால், பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு போட ஆள் கூப்பிட்டிருப்பார்கள். நான் பாயில் குந்தியிருந்தேன். கெர்ஸ்ரின் வந்து என் பக்கத்தில் தானும் குந்தி, “பயமா?” என்று கேட்டாள். ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினேன். அவள் என்னைச் சுவர் ஓரமாக, எல்லாருக்கும் பின்னால் மாற்றிவிட்டாள். அங்கேயிருந்துதான் என் காலைத் தூக்கினேன்.

3

பயிற்சி செய்து மறுநாள் உடம்பு நோவதற்கு ஜேர்மன்காரர் வைத்திருக்கிற பெயர் ‘தசைக் கடுவன்’. கடுவன் பூனைதான். அது எனக்குத் தெரியாது. “பூனை வந்ததா?” என்று உவே கேட்டார். “எங்கள் வீட்டில் மிருகங்கள் வைக்க அனுமதி இல்லை” என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். அன்றைக்கு மண்டபமே சிரித்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் இப்படி ஒரு சொல் எங்காவது ஒளித்திருந்து காலை வாருகிறது.

ஊரில் உடம்புக்கென்று தனியாக ஒன்றும் செய்ததாக நினைவில்லை. அக்கா கிணற்றில் அள்ளினாள், வயலில் களை பிடுங்கினாள், நெல்மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு ஆலைக்குப் போனாள். கடைசிச் சண்டையின்போது நான் கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டிருந்தேன். அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, வட்டக்கச்சியிலிருந்து கடற்கரைவரை உருட்டிக்கொண்டு நடந்தவள் அக்கா. அந்த மாதங்களில் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. அதிலிருந்து, நேரம் தப்பி வருகிற எந்தப் போனுக்கும் என் நெஞ்சு முதலில் அடித்துவிட்டுத்தான் காது கேட்கும். அப்படி நடந்தவளின் தங்கை சனிக்கிழமை காலையில் காசு கட்டித் துள்ளுகிறாள் என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

என்றாலும் போனேன். தனியாக என்றால் இரண்டாம் கிழமையே விட்டிருப்பேன். கூட்டமாகச் செய்வதில் ஒரு வசதி, ஒருநாள் போகாவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஆள் இருக்கிறது. ஜேர்மன் மொழியில் இருபதுவரை எண்ணி, அதற்குமேல் மூச்சு வாங்கினால் எனக்குத் தமிழ்தான் வரும். உவேயும் என்னோடு சேர்ந்து “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணப் பழகிவிட்டார். பிறகு ஒருநாள் மூன்றாம் மாடிக்கு அரிசிப்பையோடு ஏறிக் கதவைத் திறந்த பிறகுதான், இடையில் நிற்கவில்லை என்பது நினைவு வந்தது. வைத்தியர் மறுபடி இரத்தம் பார்த்தார். வாசலில் நின்றது தெருவுக்குப் போய்விட்டது என்றார். நான் சந்தோசத்தில் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன், பாவம் மனிதர் பயந்துபோனார்.

அந்தச் சந்தோசத்தோடுதான் திவசத்தன்று தொளதொளத்த பிளவுஸில் நின்றேன்.

4

திவசம் முடிந்து ஒரு கிழமைக்குள் போன்கள் வரத் தொடங்கின. முதலில் ரொறன்ரோவிலிருந்து வசந்தி மச்சாள். அவளுடைய தாய் அக்காவின் பக்கத்து வளவுக்காரி.

“மச்சாள், என்னட்டை மறைக்காதேங்கோ. எந்த இடத்தில?”

“என்ன எந்த இடத்தில?”

“கட்டி எந்த இடத்தில எண்டு கேக்கிறன். இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு.”

“வசந்தி, நான் எக்சர்சைஸ் செய்து மெலிஞ்சனான்.”

“சரி சரி, நீங்கள் சொல்ல விரும்பாட்டி விடுங்கோ. முள்ளுச்சீத்தா இலையை அவிச்சுக் குடியுங்கோ.”

பாரிசிலிருந்து இவருடைய தமக்கை எடுத்து, அழுதுவிட்டு வைத்தார். லண்டனிலிருந்து ஒருவர், எனக்கு யாரென்றே தெரியாது, என் பெயரில் அர்ச்சனை செய்ததாகத் திருநீற்றைப் படம் எடுத்து அனுப்பினார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது. எங்கள் ஊர் இப்போது அரைவாசி உலகத்தில் பரந்து கிடக்கிறது. அதன் வாயும் அப்படியே.

இதுவரை சிரிக்கலாம். பங்குனியில் வசந்தி மறுபடி எடுத்துச் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. அக்கா எனக்காகச் செவ்வாயும் வெள்ளியும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறாளாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனுக்கு நடந்துபோய்க் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறாளாம். வட்டக்கச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம், வெறுங்காலோடு, வைகாசி வெயிலில்.

அக்காவுக்கும் சீனி இருக்கிறது. அது வாசலில் நிற்கிற சீனி அல்ல, உள்ளே வந்து கதிரை போட்டு இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மூன்று நேரமும் குளிசை போடுகிறவள் விரதம் இருந்தால் என்ன ஆகும்? மயங்கி விழுந்தால் அந்த வளவில் யார் பார்ப்பது? இல்லாத வருத்தத்துக்காக, இருக்கிற வருத்தத்தோடு அவள் சாகப் பார்க்கிறாள். வைகாசிக்கு முன் எப்படியாவது அவளை நம்பவைக்க வேண்டும். வேலையில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அதையே யோசித்துக்கொண்டு நின்று, ஒரு பானைச் சூப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

5

நம்பவைப்பதற்கு நான் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா, விரதத்தை விடு” என்றேன். “ஓம், கடவுளே எண்டு ஒண்டும் இருக்காது” என்றாள். இரத்தப் பரிசோதனை முடிவைப் படமெடுத்து அனுப்பினேன். அது ஜேர்மன் மொழியில். அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. “வருத்தமில்லாத ஆளுக்கு ஏன் இவ்வளவு ரிப்போட் எடுக்கினம்?” என்று அக்கா கேட்டாள். இவரைக் கொண்டு கதைக்கச் சொன்னேன். இவர் இரவு வேலை முடித்த களைப்பில், “அவவுக்கு ஒண்டுமில்லை மச்சாள், நான் நல்லாப் பாக்கிறன்” என்று தொண்டை கட்டிய குரலில் சொன்னார். அவர் அழுதுகொண்டு சொன்னதாக ஊரெல்லாம் கதை போய்விட்டது.

பங்குனியில் ஒரு கிழமை அக்கா போனை எடுக்கவே இல்லை. மகள் வீட்டுக்குப் போனதாகவும் அங்கே கவறேஜ் இல்லை என்றும் பிறகு சொன்னாள். என்னோடு கதைக்க மனம் தாங்காமல்தான் ஒளிக்கிறாள் என்று நினைத்தேன்.

அக்கா ஏன் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் எனக்கு ஒருதரம் ‘ஒண்டுமில்லை’ சொல்லியிருக்கிறாள். முகாமிலிருந்து அப்பாவும் அவளும் வீட்டுக்குத் திரும்பிய மறுவருடம் அது. யாழினி என் வயிற்றில். அப்பாவோடு கதைக்கவேண்டும் என்று எடுக்கும்போதெல்லாம், “அப்பா நித்திரை”, “அப்பா குளிக்கிறார்”, “அப்பா வாய்க்காலடிக்குப் போயிட்டார்” என்பாள். நான் அதை நம்பி, அப்பாவுக்கு என்னோடு கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று அவளே எடுத்தாள். “அப்பா போயிட்டார் சுதா. ரெண்டு மாசமாகுது” என்றாள். வயிற்றில் பிள்ளையோடு அந்தச் செய்தியை நான் தாங்கமாட்டேன் என்று அவள்தான் முடிவெடுத்திருந்தாள். எல்லாருடைய வாயையும் அவள்தான் கட்டிவைத்திருந்தாள். எனக்கு அந்தக் கோபம் முழுக்க ஆறியதென்று சொன்னால் பொய்.

‘ஒண்டுமில்லை’ என்ற சொல்லை அப்படிப் பாவித்தவளுக்கு, மற்றவர் வாயில் அதைக் கேட்டால் வேறு என்ன தோன்றும்?

இதையெல்லாம் யாழினிக்கு ஒருநாள் சொன்னேன். அவள் காதில் பாட்டுக் கேட்கிற கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய மரியாதை.

“நீங்கள் எல்லாரும் ஏன் பொய் சொல்லுறீங்கள்?” என்றாள்.

“பொய் இல்லை பிள்ளை. தூரத்தில இருக்கிற ஆள் தாங்காது எண்டு சொல்லாமல் விடுறது.”

“அது பொய்தான், அம்மா.” பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, “பெரியம்மாவுக்கு நீங்கள் செய்யிறதை லைவாக் காட்டுங்கோ. வீடியோவில பாய்ஞ்சு காட்டினா எப்பிடி வருத்தம் எண்டு சொல்லுவா?” என்றாள்.

என் பிள்ளை எங்கள் வழக்கமெல்லாம் தெரியாமல் வளர்கிறாளே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அது வசதியாக இருந்தது.

6

மண்டபத்தில் போன் பிடிப்பதற்கு எல்லாருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்றாள் கெர்ஸ்ரின். இந்த நாட்டில் தும்முவதற்கும் ஒரு கையெழுத்துத் தேவை. ஏன் என்று கேட்டார்கள். என் அக்கா நான் சாகப்போகிறேன் என்று பட்டினி கிடக்கிறாள் என்றேன். ஒருவர் மிச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். யாழினி போனைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இருந்த வாங்குப் பலகையில் ஏறி நின்றாள். திரையில் அக்காவின் முகம், பின்னால் சுவர்.

நாங்கள் குந்தி எழும்பினோம். “உது தோப்புக்கரணம் எல்லே?” என்று அக்காவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “உதுக்கோ காசு கட்டுறியள்?” பிறகு கையை ஊன்றிக் குப்புறப் பலகை போல நின்றோம். கடைசியாக, கம்பளத் துண்டு ஒன்றில் ஒருவரை இருத்தி, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்து மற்றவர் மண்டபத்தின் அந்தம்வரை இழுக்கவேண்டும். எனக்கு வந்தது உவே. அக்கா பார்க்கிறாள் என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலை மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உவே கம்பளத்தில் இருந்து “ஒண்டு, ரெண்டு” என்று கத்தினார். மண்டபத்தின் அந்தத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “என்ர அம்மாளாச்சி! உந்தத் தடியனைப் பிள்ளை இழுத்துக்கொண்டு போறாளே” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. நம்பிவிட்டாள், இனிச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன்.

கெர்ஸ்ரின் போனடிக்கு வந்து கையசைத்தாள். அக்காவும் ஒன்று செய்யட்டும், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கட்டும், நாங்கள் எண்ணுகிறோம் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

“சும்மா போ. எனக்கேன் உந்தக் கூத்து.”

“ஒருக்கா அக்கா. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“பிறகு செய்யிறன். கறி அடுப்பில கிடக்கு.”

“சாப்பிட்டு முடிஞ்சுது எண்டுதானே சொன்னாய்?”

“போனில சார்ஜ் இல்லை.”

சாட்டுச் சொல்கிற அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அப்பா நித்திரை, அப்பா குளிக்கிறார் என்ற குரல். அவள் முகத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். மாசியிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் அதே சுவர், அதே கதிரை. முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கோழிக்குத் தீன் போடுவாள், பயற்றங்கொடியைக் காட்டுவாள், படம் ஆடுகிறது என்று நான் ஏசுவேன். எத்தனையோ நாளாகப் படம் ஆடவே இல்லை. என் வருத்தத்தை மறுப்பதிலேயே குறியாக இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

போனை யாழினியிடமிருந்து வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன்.

“எழும்பு அக்கா.”

“ஒண்டுமில்லை சுதா.”

“ஒண்டுமில்லை எண்டால் எழும்பி நில்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“அப்பாவுக்குச் செய்த மாதிரி எனக்கு இன்னொருக்காச் செய்யாத.”

படம் ஆடியது. கூரைத் தகரம் தெரிந்தது, கதவுநிலை தெரிந்தது, சீமெந்து நிலம் தெரிந்தது. பிறகு ஒரு வாங்கில் நீட்டிவைத்திருந்த அவளுடைய வலது கால். கணுக்கால்வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்தக் கட்டு ஒரு முழுப் பாதத்தின் அளவுக்கு இருக்கவில்லை.

“அரிவிவெட்டு நேரம் வயலுக்குள்ள ஏதோ குத்தியிருக்கு” என்று குரல் மட்டும் வந்தது. “நோ தெரியேல்லை. புண்ணாகினாப் பிறகுதான் கண்டன். பங்குனியில ரெண்டு விரல் எடுத்தது. இப்ப மேல ஏறுதாம். பாதத்தோட எடுக்கவேணும் எண்டு சொல்லுகினம்.”

புளியங்குளத்தில் கவறேஜ் இல்லாத கிழமை எதுவென்று விளங்கியது. வட்டக்கச்சியில் உங்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

“உந்தக் காலோடயோ வற்றாப்பளைக்கு நடக்க நேர்ந்தனி?”

“எனக்கு என்ன, ஒரு கால்தானே. உனக்கு ரெண்டு பிள்ளையள்.”

“ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“திவசத்தண்டு சொல்லத்தான் எடுத்தனான்” என்றாள். “விரல் எடுக்கவேணும் எண்டு அண்டைக்குத்தான் சொன்னவை. எனக்குப் பயமாக் கிடந்துது. உன்னோட கதைச்சாக் கொஞ்சம் ஆறும் எண்டு எடுத்தன். எடுத்தா நீ அந்தக் கோலத்தில நிக்கிறாய். வருத்தக்காரிக்கு உதைச் சொல்லுறதோ?”

மண்டபத்துக்குள் பாய்களைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

படம் மறுபடி மேலே வந்தது. அக்காவின் முகம். அழுதிருந்தாள். ஆனால் மாசியிலிருந்து நான் பார்க்காத ஒரு தெளிவு அதில் இருந்தது.

“இண்டைக்குத்தான் என்ர கண்ணால கண்டன்” என்றாள். “அவ்வளவு பெரிய மனிசனை இழுத்துக்கொண்டு போறாய். உனக்குப் பெலன் இருக்கு, சுதா. இனி உனக்குச் சொல்லலாம்.”

பக்கத்தில் பிள்ளைகளின் சின்ன வாங்கு ஒன்று இருந்தது. நான் அதில் குந்தவில்லை.

“முதலில இருந்து சொல்லு” என்றேன். “ஒண்டையும் விடாத.”

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் நின்றபடியே கேட்டேன்.